முதல் துப்பாக்கி: கடையில் யாரும் அளக்காத அளவு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் பிள்ளைகளை எந்த விளையாட்டுப் பயிற்சியில் சேர்க்கலாம் என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளியான கட்டுரையில் துப்பாக்கி சுடுதலுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருந்தீர்கள். நல்ல காற்றுத் துப்பாக்கி ஒன்றை வாங்கிக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும் என்ற பொருளில் அந்தப் பத்தி முடிந்திருந்தது. சென்னைப் பள்ளி ஒன்றில் 27 ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராகவும் என்.சி.சி. பொறுப்பாசிரியராகவும் இருந்து, நூற்றுக்கணக்கான மாணவர்களை ஜமுக்காளத்தின் மீது குப்புறப் படுக்க வைத்து .22 என்ற சிறுதோட்டா ரைபிளால் சுடக் கற்றுக்கொடுத்தவன் என்ற முறையில், அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் மறுத்து எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன். துப்பாக்கியை முதலில் வாங்கிவிட்டுப் பிறகு பிள்ளையை அதற்குப் பழக்குவது, செருப்பை வாங்கிவிட்டு அதற்கேற்பக் காலை வெட்டுவதற்குச் சமம் என்பது என் அனுபவம்.

இந்தக் கட்டுரை வெளிவந்த அதே வாரத்தில், அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வசிக்கும் என் மகள் தொலைபேசியில் ஒரு விசித்திரமான யோசனை கேட்டாள். அவளுடைய மகனுக்குப் பத்து வயது. மருமகனின் அலுவலக நண்பர்கள் இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு வேட்டைத் துப்பாக்கி வேண்டும் என்று பேரன் பிடிவாதம் பிடிக்கிறான். "அப்பா, நீங்கதானே என்.சி.சி. வாத்தியார், முதல் துப்பாக்கியா எதை வாங்கறது, சொல்லுங்க" என்றாள். மயிலாப்பூரில் சைவச் சமையல் நடக்கும் வீட்டில் உட்கார்ந்துகொண்டு மான் வேட்டைக்குத் துப்பாக்கி தேர்ந்தெடுத்துச் சொல்லும் நிலை எனக்கு வரும் என்று நான் நினைத்ததில்லை. வேட்டை சரியா, தவறா என்பது வேறு வழக்கு. அதை அவர்கள் வீட்டுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும். கேட்டது துப்பாக்கியைப் பற்றி; அதற்கு மட்டும் பதில் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான், அந்தப் பதிலில் முக்கால் பங்கு சென்னைப் பெற்றோருக்கும் பொருந்தும் என்று தோன்றியது.

சென்ற ஆண்டு பேரன் விடுமுறைக்கு வந்திருந்தபோது மெரினாவில் பலூன் சுடும் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். அந்தக் கடைகளில் ஒரு மணி நேரம் நின்று பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். பெரியவர்கள் துப்பாக்கியின் பின்புறக் கட்டையைத் தோள்குழியில் பதித்துச் சுடுகிறார்கள்; பிள்ளைகள் எல்லாரும் அதை அக்குளுக்கு அடியில் இடுக்கிக்கொண்டோ தோளுக்கு மேலே தூக்கிப் போட்டுக்கொண்டோ சுடுகிறார்கள். யாரும் அப்படிச் சொல்லிக் கொடுப்பதில்லை. டிரிகரை எட்ட வேண்டுமானால் அவர்களுக்கு வேறு வழி இல்லை என்பதுதான் காரணம். அந்தத் துப்பாக்கிகள் பெரியவர் கைக்குச் செய்யப்பட்டவை. டிரிகரிலிருந்து அந்தக் கட்டையின் கடைசி வரையுள்ள நீளம் பெரியவர்களுக்கான ரைபிள்களில் ஏறக்குறைய பதின்மூன்றரை அங்குலம், அதாவது 34 சென்டிமீட்டர் இருக்கும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பதினோரு அங்குலமோ பன்னிரண்டோ போதும். இந்த ஒன்றரை, இரண்டரை அங்குல வித்தியாசத்தால் கழுத்து கோணுகிறது, கன்னம் கட்டையில் பதியாமல் காற்றில் நிற்கிறது, இடுப்பு பின்னால் வளைகிறது. ஆறு மாதம் அப்படியே சுட்டுப் பழகிய பிள்ளையின் நிற்கும் நிலையைத் திருத்த எனக்கு இரண்டு வருடம் ஆகியிருக்கிறது. சிலருடையதைத் திருத்தவே முடிந்ததில்லை.

அளப்பதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. பிள்ளையின் முழங்கையைச் செங்கோணமாக மடக்கச் சொல்லி, கட்டையின் பின்முனையை முழங்கையின் உள்மடிப்பில் வைத்துப் பாருங்கள். ஆள்காட்டி விரலின் நுனிக்கணு நீட்டி இழுக்காமல் டிரிகரின் மேல் படிந்தால் கட்டை சரியான நீளம். துப்பாக்கி கையில் இல்லாவிட்டால் உள்மடிப்பிலிருந்து அந்தக் கணு வரை தையல் டேப்பால் அளந்துகொள்ளலாம். மகளை வீடியோ அழைப்பில் வைத்து அப்படித்தான் அளக்கச் சொன்னேன். பேரனுக்கு 28 சென்டிமீட்டர் வந்தது. அங்கே சிறுவர்களுக்கென்றே குட்டையான கட்டையோடு, ஒரு முறைக்கு ஒரே தோட்டா மட்டும் போடக்கூடிய, ஒன்றரை கிலோவுக்கும் குறைவான எடையுள்ள .22 ரைபிள்கள் விற்கின்றன. அதில் ஒன்று போதும், ஆனால் வேட்டைக்கு அல்ல, ஓராண்டு காகித இலக்கில் மட்டும் சுடுவதற்கு என்றேன்.

மருமகனுக்கு இது பிடிக்கவில்லை. டெக்சாஸில் .22 ரிம்ஃபயர் தோட்டாவால் மான் சுடுவது சட்டப்படி கூடாது. ஆகவே எடுத்த எடுப்பிலேயே மானுக்கு ஏற்ற ரைபிளை வாங்கினால் பணம் மிச்சம் என்பது அவர் கணக்கு. நண்பர்கள் .30-06 என்ற பெரிய தோட்டா ரைபிளை வாங்கச் சொல்கிறார்களாம். நான் கல்லூரி நாட்களில் .303 ரைபிளால் சுட்டுவிட்டு மறுநாள் தோள் கன்றிப்போய்ச் சட்டை போட முடியாமல் நின்றவன். வலிகூடப் பெரிதல்ல. சுடும்போது துப்பாக்கி பின்னோக்கித் தரும் அந்த உதையை ஒருமுறை வாங்கிய உடம்பு அடுத்த முறை டிரிகரை அழுத்தும் முன்பே கண்ணை மூடிக்கொள்கிறது, தோளை முன்னால் தள்ளுகிறது. எங்கள் பயிற்சியில் இதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய தந்திரம் உண்டு: மாணவனுக்குத் தெரியாமல் மருந்தில்லாத போலித் தோட்டா ஒன்றை நடுவில் போட்டுவிடுவோம். அதைச் சுடும்போது சத்தமே இல்லாமல் துப்பாக்கிக் குழல் மட்டும் ஒரு துள்ளல் துள்ளும். அந்தத் துள்ளல் மாணவனுடைய பயத்தின் அளவு. பெரியவர்களுக்கே அது போவதற்கு மாதங்கள் ஆகும்போது பத்து வயதுக் குழந்தைக்கு அதை ஏன் கற்றுக்கொடுக்க வேண்டும்? பின்னாளில் மானுக்கென்று வாங்கியே தீர வேண்டுமானால், 1955-ல் அறிமுகமான .243 வின்செஸ்டர் என்ற தோட்டா இருக்கிறது, அதன் உதை .30-06-இன் உதையில் ஏறக்குறைய பாதிதான், அங்கே பல குடும்பங்களில் பிள்ளைகளுக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள் என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்தேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் டெக்சாஸ்காரர்களை நான் மனதாரப் பாராட்டினேன். 1971 செப்டம்பர் 2-க்கும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள் அங்கே வேட்டைக் கல்விச் சான்று பெற வேண்டும். அந்தச் சான்றும் ஒன்பது வயது நிறைந்தவர்களுக்கே கிடைக்கிறது. அதற்கும் இளையவர்கள் தகுதியுள்ள பெரியவர் ஒருவர் உடனிருக்கத்தான் வேட்டையாடலாம். ஜெர்மனியிலோ சுடுதளத்தில் காற்றுத் துப்பாக்கியைத் தொடுவதற்கே பொதுவாக 12 வயதும், .22 போன்ற சிறுதோட்டா ரைபிளுக்கு 14 வயதும் ஆகியிருக்க வேண்டும். துப்பாக்கி தாராளமாகக் கிடைக்கும் நாட்டிலும் சரி, கட்டுப்பாடு மிகுந்த நாட்டிலும் சரி, பிள்ளையின் வயதையும் பயிற்சியையும் பற்றி யாரோ ஒருவர் கேள்வி கேட்கிறார்கள்.

இங்கே என்ன நடக்கிறது என்று பார்ப்பதற்காக, பேரனுக்கு வாங்குவதாகச் சொல்லிக்கொண்டு நகரில் ஒரு கடைக்குப் போனேன். கடையின் பெயர் இங்கே தேவையில்லை. என் அடையாள அட்டையைக் கேட்டார்கள், அது முறைதான். பையனுக்கு எத்தனை வயது, எவ்வளவு உயரம், எங்கே சுடப்போகிறான், முன்பு பயிற்சி உண்டா என்ற கேள்விகளில் ஒன்றுகூட வரவில்லை. குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகைத் துப்பாக்கி ஒன்றை எடுத்து வைத்து, "சார், இதுதான் ஃபுல் பவர், லைசென்ஸ் வேணாம்" என்றார் விற்பனையாளர். அவர் சொன்னதில் பொய் இல்லை. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, 4.5 மில்லிமீட்டர் குழலுக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டியதில்லை. ஆனால் அந்த 20 ஜூல் என்பது என்னவென்று பெற்றோர் எவரும் யோசிப்பதில்லை. அரை கிராமைச் சற்றே தாண்டும் ஒரு ஈய பெல்லட்டை, அதாவது காற்றுத் துப்பாக்கிக் குண்டை, வினாடிக்கு ஏறக்குறைய 275 மீட்டர் வேகத்தில் தள்ளும் ஆற்றல் அது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற பத்து மீட்டர் போட்டியில் பயன்படும் துப்பாக்கிகளின் ஆற்றல் ஏழெட்டு ஜூல்தான். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியைப் பத்து மீட்டர் தொலைவிலிருந்து அடிக்க அதுவே போதுமானதாக இருக்கிறது. ஒலிம்பிக்கில் போதுமான ஆற்றலைப் போல இரண்டரை மடங்கு எங்கள் தெருப் பையனுக்கு எதற்கு? அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், வினாடிக்கு 350 அடிக்கு, அதாவது 107 மீட்டருக்கு மேல் வேகமுள்ள காற்றுத் துப்பாக்கிகளைப் பதினாறு வயதுக்குக் குறைந்தவர்கள் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. நம் கடைகளில் "பசங்களுக்கு" என்று எடுத்துக் கொடுக்கும் பொருளின் வேகம் அதைப்போல இரு மடங்குக்கும் மேல்.

அந்த ஸ்பிரிங் துப்பாக்கியை ஏற்றிக் காட்டச் சொன்னேன். கடைப் பையன், இருபது வயது இருக்கும், தொடையில் முட்டுக்கொடுத்துத்தான் குழலை மடக்கினான். பதினைந்து கிலோ எடையை இழுப்பதற்குச் சமமான வேலை அது. மடக்கிய நிலையில் தப்பித்தவறி டிரிகரில் விரல் பட்டால் குழல் சுண்டெலிப் பொறியைப் போல மேலே பாய்ந்து மூடிக்கொள்ளும். நடுவில் விரல் இருந்தால் அவ்வளவுதான். போதாக்குறைக்கு, கடற்காற்றில் துருப்பிடிக்கிறது என்று எங்கள் பக்கத்துத் தெருவில் ஒருவர் இதே வகைத் துப்பாக்கியின் காற்றறைக்குள் தையல் இயந்திர எண்ணெயை ஊற்றி வைத்திருந்தார். அழுத்தத்தில் சூடேறி உள்ளே எண்ணெய் தீப்பற்றும். முதல் சில குண்டுகள் வெடிச் சத்தத்தோடு புகை கக்கிக்கொண்டு கிளம்பும். துப்பாக்கியின் பவர் கூடிவிட்டதென்று அவர் மகிழ்ந்துகொண்டிருந்தார்.

வாங்கிய துப்பாக்கியை வீட்டில் எங்கே சுடுவது என்ற கேள்விக்கு அடுக்குமாடிக் குடியிருப்பில் விடை கிடையாது. மொட்டை மாடிதான் மிஞ்சும். அங்கே காகித இலக்கு இரண்டு நாளில் சலித்துவிடும். மூன்றாம் நாள் தென்னை மரத்துக் கிளியும் மதில்மேல் அணிலும் கண்ணில் படும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 9-வது பிரிவு வேட்டையைத் தடை செய்கிறது. கிளியைச் சுடுவது சிறு பிள்ளை விளையாட்டு அல்ல, குற்றம். சட்டம் இருக்கட்டும், இங்கிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் வேடந்தாங்கலில், ஏரிப் பறவைகளை ஆங்கிலச் சிப்பாய்கள் சுட்டபோது, ஊர்க்காரர்கள் செங்கல்பட்டுக் கலெக்டர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, இனி இந்த ஏரியில் சுடக்கூடாது என்று 1798-இல் கவுல், அதாவது எழுத்து மூலமான உறுதிமொழி, எழுதி வாங்கினார்கள். படிக்காத சனங்கள் என்று நாம் சொல்லக்கூடியவர்கள் செய்த காரியம் அது. அவர்களுக்கு இருந்த தெளிவு, பிறந்தநாள் பரிசாகத் துப்பாக்கி வாங்கும் நமக்கும் இருக்க வேண்டாமா?

ஆகவே என் யோசனை: முதல் ஆண்டில் எதையும் வாங்காதீர்கள். எழும்பூரிலோ ஆவடிப் பக்கமோ, வீட்டுக்கு அருகில் பயிற்சியாளர் இருக்கும் சுடுதளத்தில் சேர்த்து, கிளப் துப்பாக்கியிலேயே பழக விடுங்கள். முதல் வாரத்திலேயே எந்தக் கண் மாஸ்டர் கண், அதாவது குறிபார்ப்பதில் முந்தும் கண், என்று பார்த்துவிட வேண்டும். இரு கைகளையும் நீட்டி உள்ளங்கைகளுக்கு நடுவே சிறு துளை விட்டு, அதன் வழியாக எதிரே சுவரில் மாட்டிய கடிகாரத்தைப் பார்த்தபடி ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னால், எந்தக் கண்ணை மூடும்போது கடிகாரம் மறைகிறதோ அதுவே மாஸ்டர் கண். வலக்கைப் பழக்கமும் இடது மாஸ்டர் கண்ணும் உள்ள பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட அதிகம். என் மாணவன் ஒருவன் நான்கு மாதம் இலக்கின் ஓரத்திலேயே சுட்டுக்கொண்டிருந்தான்; கவனமில்லை என்று நான் அவனைத் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் சலிப்பில் துப்பாக்கியை இடத்தோளுக்கு மாற்றினான், அன்றைக்கே குண்டுகள் ஒரே இடத்தில் கூடின. குற்றம் என்னுடையது. அவனுக்கு அவன் அப்பா ஏற்கெனவே வலக்கைக் கட்டையோடு விலை உயர்ந்த துப்பாக்கி ஒன்றை வாங்கி வைத்திருந்தார் என்பது அந்தக் கதையின் மறுபாதி.

வாங்கும் காலம் வரும்போதும் பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம். வால்தர், ஃபைன்வெர்க்பாவ், அன்ஷூட்ஸ் ஆகிய ஜெர்மன் துப்பாக்கிகள் லட்சங்களில் விலை போகின்றன. பெரியவர்களுக்கான மாடல்கள் நான்கு கிலோவுக்கு மேல் இருக்கும், போட்டி விதி ஐந்தரை கிலோ வரை அனுமதிக்கிறது. முப்பது கிலோ எடையுள்ள குழந்தை அதை ஏந்திக்கொண்டு அறுபது குண்டு சுடுவதைப் பார்க்க எனக்கு முதுகு வலிக்கிறது. அதே நிறுவனங்கள் சிறுவர்களுக்கென்று எடை குறைந்த மாடல்களையும் செய்கின்றன. கட்டையின் நீளத்தையும் கன்னம் பதியும் உயரத்தையும் பிள்ளை வளர வளர மாற்றிக்கொள்ளலாம். பழைய துப்பாக்கி கைமாற்றாகக் கிடைத்தால், 200 பார் அழுத்தத்தில் காற்று நிரப்பும் சிலிண்டரின் மேல் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். காலாவதியான சிலிண்டரைக் குழந்தையின் முகத்துக்குக் கீழே வைப்பது வெடிகுண்டை வைப்பது போல. பெல்லட்டுகள் ஈயத்தால் ஆனவை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள். ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பெல்லட்டை வாயில் வைத்துக்கொண்டு துப்பாக்கியைத் திறக்கும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன். சுட்டு முடித்துச் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் சாப்பாட்டு டப்பாவைத் தொட எங்கள் தளத்தில் விட்டதில்லை.

இதையெல்லாம் பெற்றோர் தலையிலேயே கட்டுவது நியாயமல்ல என்பதும் எனக்குத் தெரியும். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012-இல் லண்டனில் வெண்கலம் வென்றார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைத் தங்கங்களை வென்றிருக்கிறார். ஒருவர் ஹைதராபாத்திலும் மற்றவர் அகமதாபாத்திலும் வளர்ந்தவர்கள். இங்கேயே ஒரு நடுத்தர வீட்டுப் பிள்ளை சுட விரும்பினால், அதன் கைக்கு ஏற்ற துப்பாக்கி தளத்தில் இருக்க வேண்டும். பெரும்பாலும் கிளப்பில் இருப்பவை பெரியவர்களுக்கான ரைபிள்கள். அவை பொருந்தாததால்தான் சில பெற்றோர் கடன் வாங்கியாவது சொந்தமாக வாங்கப் புறப்படுகிறார்கள். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் ஒவ்வொரு மாவட்டச் சுடுதளத்திலும் குட்டைக் கட்டை உள்ள சிறுவர் ரைபிள்கள் நான்கையும், அவற்றில் ஒன்றையாவது இடக்கைக்கு உரியதாகவும், வாங்கி வைக்குமானால் அந்தச் செலவு ஒரு சிறிய விளையாட்டு மைதானத்தின் வேலிச் செலவைத் தாண்டாது. காற்றுத் துப்பாக்கி விற்கும் கடைகள் வாங்குபவரின் அடையாளத்தோடு, சுடப்போகும் பிள்ளையின் வயதையும் அது சேர்ந்திருக்கும் தளத்தின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ள அரசு உத்தரவிட வேண்டும்.

தங்களிடமும் ஒரு வேண்டுகோள். மே மாதப் பயிற்சி முகாம் விளம்பரங்கள் தங்கள் பக்கங்களில் வரத் தொடங்கும் முன்பாக, முழங்கை மடிப்பிலிருந்து விரற்கணு வரை அளக்கும் முறையை ஒரு சிறு கோட்டுப் படமாக வெளியிட்டால், கடைக்குப் போகிறவர்கள் அதைக் கத்தரித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர்,
மயிலாப்பூர், சென்னை – 600 004